சுருதி இறங்குது, தாளம் ஓடுது: போட்டிக்கு முன் பிள்ளைகளின் இசைக்குழுவில் வரும் கோளாறுகள்

என் மேசை லாச்சியில் ஒரு சீ.ஆர். கொப்பி கிடக்கிறது. முன்பக்கம் சுரக்குறிப்புகள். பின்பக்கம் இருந்து திருப்பினால் கோளாறுகள்: எந்தக் கிழமை எது வந்தது, எதனால் வந்தது, எப்படித் தீர்ந்தது. பாடசாலைகளின் தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் குழு இசை, பிறகு வாத்திய பிருந்தா (பல வாத்தியங்கள் சேர்ந்த குழு) என்று மாறி மாறிப் பழக்கியதில் ஒன்று பிடிபட்டது. பிள்ளைகள் மாறினாலும் கோளாறு மாறுவதில்லை. போட்டி கோட்டம், வலயம், மாகாணம் என்று படிப்படியாக மேலே போகும். கோட்டத்தில் கவனிக்காமல் விட்டது வலயத்தில் வரும், வலயத்தில் தப்பினால் மாகாணத்தில் வந்து நிற்கும்.

உங்கள் குழுவில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். இடையில் பாய வேண்டாம். புது மிருதங்கம் வாங்கின பிறகு சுருதிப்பெட்டிதான் பிழை என்று கண்டுபிடித்த ஆட்களும் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன்.

சுருதி இறங்கி முடிகிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான். முதலில் அளந்து பாருங்கள். சுருதியைப் போட்டு முதல் வரியைப் பாட விடுங்கள். பிறகு சுருதியை நிறுத்திவிட்டு முழுப்பாட்டையும் பாடச் சொல்லுங்கள். கடைசி ஸட்ஜத்தை (ஸ) நீட்டிப் பிடிக்கும்போது சுருதியைத் திரும்பப் போடுங்கள். எவ்வளவு இறங்கியது என்று காது சொல்லும். அடுத்த முறை பல்லவி முடிவில், அனுபல்லவி முடிவில், சரண முடிவில் என்று தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

ஓரிடத்தில் மட்டும் சடாரென்று இறங்கினால், அது சுரத்தின் கோளாறு. மோகன ராகம் என்றால் காந்தாரத்தைப் (க) பாருங்கள், கல்யாணி என்றால் மத்திமத்தை (ம). பிள்ளைகள் இந்த இரண்டையும் கொஞ்சம் தாழ்த்தித்தான் பிடிப்பார்கள். அதற்கு மேல் கட்டுகிற எல்லாம் சரியும். அந்த வரியைச் சொல் இல்லாமல் அகாரத்தில் (‘ஆ’ என்று), முதற்காலத்தில் (மெதுவான வேகத்தில்), சுருதி பலமாக ஒலிக்க 10 தரம் பாட விடுங்கள். மூன்று நாளில் மாறாவிட்டால் அந்தச் சங்கதியை (அதே வரியை மாற்றி அழகுபடுத்திப் பாடுவதை) எடுத்துவிடுங்கள். போட்டியில் சங்கதிக்குக் கிடைக்கும் புள்ளியை விடச் சுருதிக்குப் போகும் புள்ளி கூட.

கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டு முழுக்க இறங்கினால், இந்த ஒழுங்கில் பாருங்கள்.

சுருதி கேட்கிறதா? பெட்டி ரீச்சரின் மேசையில் இருக்கும், பின்வரிசைப் பிள்ளைக்கு ஒன்றும் கேட்காது. தொலைபேசியில் செயலியைப் போட்டு வைத்தால் 15 பேர் வாய் திறந்ததும் அது இருக்கும் இடமே தெரியாது. பெட்டியைக் குழுவுக்குப் பின்னால், நடுவில், ஒரு கதிரையில் வையுங்கள். முன்னால் வைத்தால் உங்களுக்குக் கேட்கும், பின்னால் வைத்தால் அவர்களுக்குக் கேட்கும்.

பசியா? பாடசாலை ஒன்றரைக்கு விடும், இரண்டு மணிக்குப் பழக்கம் தொடங்கும். காலையில் சாப்பிட்ட பாண் எப்போதோ முடிந்திருக்கும். ஒருநாள் காலைப் பிரார்த்தனைக்கு முன் பாட வைத்துப் பதிவு செய்யுங்கள். காலையில் நின்ற சுருதி பின்னேரம் நிற்கவில்லை என்றால் பாடமெடுக்க ஒன்றும் இல்லை. கடலைச் சுண்டலும் தேத்தண்ணியும் போதும். என் கொப்பியில் இந்தக் கோளாறுக்கு எதிரே "சுண்டல்" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

கட்டை, அதாவது பாடும் சுருதியின் உயரம், பொருந்துகிறதா? பாட்டில் உள்ள மிக மேல் வரியை ஒவ்வொரு பிள்ளையாக, மெதுவான குரலில் பாட விடுங்கள். கத்தினால்தான் எட்டுகிறது என்றால் கட்டை கூட. மிகக் கீழ் வரியில் குரல் காற்றாகப் போனால் கட்டை குறைவு. பெண்பிள்ளைகளின் குழுவை வழக்கப்படி 5, 5½ கட்டையில் வைத்துவிட்டு யோசிக்காமல் இருப்போம். ஆனால் பாட்டு தாரஸ்தாயிப் (மேல்ஸ்தாயி) பஞ்சமம் வரை போகிறது என்றால் 4½ தான் நல்லது. இதில் ஒரு பொறி இருக்கிறது: கட்டையை மாற்றினால் மிருதங்கமும் மாற வேண்டும், புல்லாங்குழலும் மாற வேண்டும். ஆகவே கட்டையை முதற் கிழமையிலேயே முடிவு செய்யுங்கள். கடைசிப் பத்து நாளில் மாற்றுவது தலையிடி.

குரல் உடைகிற பெடியன் வரிசையில் இருக்கிறானா? தரம் 8, 9 பெடியன்களோடு வரும் சங்கடம். போன தவணை கணீரென்று பாடின தம்பி, இந்தத் தவணை மேலே போகும்போது இரண்டு குரலில் பாடுவான். அவனை வெட்கப்பட வைக்காமல் மேல் வரிகளில் வாய் மூடித் தாளம் போடச் சொல்லுங்கள், கீழ் வரிகளைப் பாடட்டும். கட்டாயப்படுத்திக் கத்த வைக்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்தும் ஒரு பிள்ளை மட்டும் இழுக்கிறது என்று தோன்றினால், வரிசைக்குப் பின்னால் நடந்துகொண்டே கேளுங்கள். பிறகு இரண்டு இரண்டு பேராகப் பாட விடுங்கள். அநேகமாக நீங்கள் சந்தேகித்த பிள்ளை இல்லை, பக்கத்துப் பிள்ளை.

வைத்தியரிடம் அனுப்புவது எப்போது: தடிமன், இருமல் போயும் குரல் கரகரப்பு இரண்டு மூன்று கிழமையாக நிற்கிறது, அல்லது பாடும்போது தொண்டை நோகிறது. பெற்றோரைக் கூப்பிட்டு, காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். கற்கண்டும் மிளகும் கொடுத்து மேடையேற்றுவது நாங்கள் எல்லோரும் செய்த பிழை.

எல்லாம் 5 கட்டை, ஆனால் சேரவில்லை

சுருதிப்பெட்டி 5 என்கிறது. கீபோர்ட் 5 என்கிறது. ஆர்மோனியத்திலும் அதே கட்டைதான். சேர்த்து வாசித்தால் பல் கூசுகிறது.

முதலில் கீபோர்ட்டின் ட்ரான்ஸ்போஸைப் பாருங்கள். யாரோ ஒரு பாட்டுக்கு ஒன்று கூட்டி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சில கருவிகளில் நிறுத்திப் போட்டால் பூச்சியத்துக்கு வரும், சிலவற்றில் வராது. இரண்டாவது, சுருதிச் செயலியின் நுண்சுருதி (சுருதியைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கும் இடம்). பிள்ளைகள் விரல் வைத்து நகர்த்தியிருப்பார்கள். மூன்றாவது, பெட்டி பஞ்சமத்தில் நிற்கிறதா மத்திமத்தில் நிற்கிறதா? ஹிந்தோளத்தில் பஞ்சமமே இல்லை. அந்தப் பாட்டுக்குப் பஞ்சமச் சுருதி ஓடிக்கொண்டிருந்தால் பிள்ளைகளின் மத்திமம் தடுமாறத்தான் செய்யும். பிறகு பாட்டு மாறும்போது மத்திமத்திலேயே விட்டுவிடுவோம்.

இவை எல்லாம் சரி என்றால் சந்தேகம் ஆர்மோனியத்தின் மேல். பாடசாலைகளில் உள்ள பழைய ஆர்மோனியங்கள் பல, இன்றைய மின் சுருதிப்பெட்டியோடு நேராக நிற்காது. இரண்டிலும் ஒரே சுரத்தைச் சேர்த்துப் பிடியுங்கள். ஒலி "வவ் வவ் வவ்" என்று அலைந்தால் வித்தியாசம் இருக்கிறது, அலை வேகமாக இருந்தால் வித்தியாசம் கூட. ஆர்மோனியத்தின் ரீட்டை நீங்கள் சுரண்ட வேண்டாம். செயலியை நுண்சுருதியால் ஆர்மோனியத்துக்கு இறக்கலாம், அதற்குச் செலவில்லை. ஆனால் புல்லாங்குழல் உள்ள குழு என்றால் அப்படிச் செய்ய ஏலாது. குழல் ஓரளவுக்கு மேல் இறங்காது. அப்போது ஆர்மோனியத்தை வீட்டில் விடுங்கள். இரண்டு மூன்று கட்டைகள் மட்டும் அபசுரமாக இருந்தால், அல்லது துருத்தியில் காற்றுப் போனால், ஆர்மோனியம் திருத்துபவரிடம் கொடுங்கள்.

குளிரூட்டிய மண்டபத்தில் குழல் சுருதி இறங்கிக் கேட்டால் பயப்பட வேண்டாம். மூச்சுச் சூட்டில் ஏறும். மேடைக்கு ஏற முன் 5 நிமிடம் சத்தமில்லாமல் ஊதி வைத்திருக்கச் சொல்லுங்கள்.

மிருதங்கம் மந்தமாகக் கேட்கிறது, அல்லது சுருதியில் நிற்கவில்லை

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் ஈரம் இழுத்துத் தளரும், சுருதி இறங்கும். சித்திரை வெயிலில் விறைத்து ஏறும். வகுப்பறையில் சுருதி சேர்த்த மிருதங்கம் மண்டபத்தில் சேராமல் போவது இதனால்தான், அதற்கு யாரும் பொறுப்பில்லை. இடம் மாறினால் 10 நிமிடம் சும்மா வைத்துவிட்டுச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடந்தலை (மிருதங்கத்தின் இடப்பக்கத் தோல்) "தொப்" என்று அடங்கிக் கேட்டால் அதில் அப்பும் ரவைப் பசையைப் பாருங்கள். காய்ந்து வெடித்திருந்தால் கும்காரம் (ஆழ்ந்த ‘கும்’ ஒலி) போய்விடும், கொஞ்சம் தண்ணீர் தொட்டுப் பிசையுங்கள். கூட அப்பினாலும் மந்தமாகும். வலந்தலை (வலப்பக்கத் தோல்) ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் கேட்டால், 16 கண்ணிலும் (விளிம்புப் பின்னலில் வார் நுழையும் இடங்கள்) விரல் வைத்துச் சுற்றிவரத் தட்டிப் பாருங்கள். இறங்கின கண்ணில் மேலிருந்து தட்டினால் ஏறும், ஏறின கண்ணில் கீழிருந்து தட்டினால் இறங்கும். எதிர்க் கண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுற்றிச் சுற்றி ஒரே கண்ணை அடித்தால் பின்னல் போய்விடும்.

கரணை (வலந்தலை நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) பிளந்து துகள் கொட்டுகிறது, வார் (தோல் பட்டி) இழுத்தும் தளர்கிறது, தோலில் கீறல் விழுந்திருக்கிறது: இந்த மூன்றும் உங்கள் வேலை இல்லை. மூட்டடிக்கிறவரிடம், அதாவது தோல் மாற்றிக் கட்டுகிறவரிடம், கொடுங்கள். போட்டிக்கு இரண்டு கிழமைக்குள் என்றால் புது மூட்டு வேண்டாம். புதுத்தோல் இழுபட்டு நிற்க நாள் எடுக்கும், அதுவரை வரிக்கு வரி சுருதி மாறும். இரவல் வாங்குங்கள். யாழ்ப்பாணத்தில் இணுவில், அளவெட்டிப் பக்கம் சொந்தக்காரர் உள்ள பிள்ளை ஒன்றாவது உங்கள் வகுப்பில் இருக்கும். தவிலும் நாதஸ்வரமும் வளர்ந்த ஊர்கள், மிருதங்கம் உள்ள வீடும் கிடைக்கும். வீட்டுக்குப் போய் "ஐயா, ஒரு கிழமைக்குத் தருவீங்களோ" என்று கேட்டு வெறுங்கையோடு திரும்பியதாக எனக்கு நினைவில்லை.

தாளம் ஓடுகிறது

ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச்சுற்று) 8 அட்சரம் (எண்ணிக்கை). நிமிடத்துக்கு 80 அட்சரம் என்று வைத்தால் ஓர் ஆவர்த்தனம் 6 செக்கன். 8 ஆவர்த்தனம் 48 செக்கன். பாட்டைப் பதிவு செய்து முதல் 8 ஆவர்த்தனத்தையும் கடைசி 8 ஆவர்த்தனத்தையும் தொலைபேசிக் கடிகாரத்தில் அளவுங்கள். எங்கள் குழுவுக்கு ஒருமுறை 48 வந்த இடத்தில் கடைசியில் 41 வந்தது. அதாவது 80இல் தொடங்கி 94இல் முடித்திருக்கிறோம். பாடும்போது யாருக்கும் தெரியவில்லை.

யார் ஓடுகிறார்? மிருதங்கத்தை நிறுத்திப் பாட விடுங்கள். ஓட்டம் நின்றால் மிருதங்கப் பெடியன். அநேகமாக அவன் கோர்வையை (முடிவுக்கு வாசிக்கும் கணக்கை) கண்டதும் கை பறக்கும். கோர்வையைச் சொற்கட்டாக வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு, ஒரு கிழமை பழக விடுங்கள். வாசிக்க விட வேண்டாம்.

மிருதங்கம் இல்லாமலும் ஓடினால் மூச்சைப் பாருங்கள். வரி முடிவில் மூச்சுக்கு இடம் இல்லாவிட்டால் பிள்ளைகள் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு அடுத்த வரியை முந்தி எடுப்பார்கள். அரை இடத்தில் (தாளம் தொடங்கிச் சற்றுத் தள்ளி) எடுக்கும் பாட்டுகளில் இது கூடத் தெரியும். கொப்பியில் மூச்செடுக்கும் இடத்தில் சிவப்புப் பேனையால் கோடு போடுங்கள், எல்லோருக்கும் ஒரே இடத்தில்.

அதுவும் சரி என்றால் அடுத்த காரணம் நீங்கள். அந்த 41 செக்கன் வந்த கிழமை நான் ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசிக்கொண்டு திரிந்தேன். தரம் 10 பிள்ளை ஒன்று தன் தொலைபேசியில் எடுத்த வீடியோவைக் கொண்டுவந்து, "சேர், கோவிக்காதேங்கோ, இதைப் பாருங்கோ" என்றது. பிள்ளைகளை எடுக்க வேண்டிய கோணத்தில் என்னை எடுத்திருந்தது. சரணத்தில் என் வலக்கை தொடையில் விழும் சத்தம் கேட்கிறது. வீச்சுக்குக் கை மேலே போக வேண்டிய உயரம் பாதியாகிவிட்டது, விரல் எண்ணுவது விரலே அசையாமல் நடக்கிறது, தலை வேறு முன்னுக்கு முன்னுக்குத் தள்ளுகிறது. பிள்ளைகள் என்னைப் பார்த்துத்தான் ஓடியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கடைசி இரண்டு கிழமையும் நான் அறையின் பின் சுவரில் சாய்ந்து நிற்பேன், கை கட்டிக்கொண்டு. முதலிரண்டு நாள் குழப்பம்தான். மூன்றாம் நாள் ஒரு பிள்ளையின் தாளத்தை மற்றப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். போட்டி மேடையில் நீங்கள் முன்னால் இருந்து தாளம் போட முடியாது என்பதையும் நினையுங்கள்.

வீணை, வயலின் கோளாறுகள்

தந்தி நழுவுகிறது என்றால் பிரடையை (தந்தி சுற்றும் முறுக்காணியை) கழற்றி, தேயும் இடத்தில் கரும்பலகைச் சோக்கைப் பூசிப் போடுங்கள். தந்தி பழசு, கறுத்துவிட்டது என்றால் மாற்றுங்கள். ஆனால் போட்டிக்கு முதல்நாள் இரவு மாற்ற வேண்டாம், புதுத்தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

வயலின் கீச்சிட்டால் வில்லின் மயிரைப் பாருங்கள். எண்ணெய் தேய்த்துப் பின்னின தலை, அதே கையால் வில்லைப் பிடித்தால் ரோசின் ஒட்டாது. மயிரைத் தொடாமல் எடுக்கப் பழக்குங்கள். குதிரை முன்னுக்குச் சாய்ந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். சாய்ந்திருந்தால் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி இரண்டு கையாலும் மெல்ல நிமிர்த்தலாம். உள்ளே குச்சி ஒன்று உருளும் சத்தம் கேட்டால் நிறுத்துங்கள். உள்தாங்கி விழுந்திருக்கிறது. தந்திகளைத் தளர்த்திவிட்டு வயலின் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள்.

வீணையில் வெறுந்தந்தி சேர்ந்திருக்கிறது, மெட்டில் (மெழுகில் பதித்த உலோகப் படியில்) வைத்தால் அபசுரம்: 12ஆம் மெட்டைப் பாருங்கள். அது வெறுந்தந்தியின் மேல்ஸ்தாயியாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மெழுகில் மெட்டு நகர்ந்திருக்கிறது. ஒரு சித்திரை மாதம் சாவகச்சேரிப் பக்கம் போட்டி. வானை மண்டபத்துக்கு வெளியே வெயிலில் விட்டு, வீணையைப் பின்சீட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து உறையைக் கழற்றினால் மெழுகு பளபளவென்று வியர்த்திருந்தது, மேல் மெட்டுகள் இரண்டு தலையணையில் சாய்ந்த மாதிரி. அன்றைக்கு வீணையில்லாமல் ஏறினோம். மெழுகை மெழுகுதிரியால் சூடாக்கிச் சரிசெய்கிறேன் என்று யாரும் வந்தால் விடாதீர்கள். 24 மெட்டையும் காதால் நிறுத்துவது அதற்கென்று உள்ளவர்களின் வேலை. ஆள் தெரியாவிட்டால் மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை இருக்கிறது, அங்கே படித்த யாரையாவது கேட்டால் கைகாட்டுவார்கள்.

சொல் விளங்கவில்லை

அறைக்கு வெளியே, ஒரு வகுப்பு தள்ளி நின்று கேளுங்கள். பாட்டுத் தெரியாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டனவா, பதம் பிழையான இடத்தில் பிரிகிறதா என்று பாருங்கள். பாட்டை இராகம் இல்லாமல், தாளத்தோடு மட்டும் வாசிக்க விட்டால் நாலு நாளில் தீரும்.

பழக்கத்தில் நன்றாக இருந்தது, மைக்கில் கெட்டது

இரண்டு குரல் மட்டும் வெளியே கேட்கும், மற்றவர்கள் வாயசைத்த மாதிரி இருக்கும். காரணம், மைக்குக்கு நேரே இருந்தவர்கள் அந்த இருவர். பலத்த குரல்களை ஓரத்துக்கும் மென்மையான குரல்களை நடுவுக்கும் மாற்றுங்கள். மைக் மூன்று இருந்தால் நாலாவது கேட்க வேண்டாம், ஊளையிடத் தொடங்கும். ஊளையிட்டால் மைக்கை ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் எடுங்கள், அல்லது "அண்ணை, நடு மைக்கைக் கொஞ்சம் குறையுங்கோ" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அந்த அண்ணை காலை 6 மணியிலிருந்து நிற்கிறார்.

சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசும் நாளில் திறந்த மேடை என்றால் மைக்கில் காற்று அடித்து "புர்ர்" என்று கேட்கும். ஸ்பொஞ்ச் உறை இல்லாவிட்டால் ஒரு மெல்லிய கைக்குட்டையும் ரப்பர் வளையமும் காணும். சுருதிப்பெட்டிக்கு மின்சாரத்தை நம்ப வேண்டாம், பற்றரியும் கொண்டுபோங்கள். வயரைத் தொட்டால் கூச்சம் அடிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அதோடு பாட்டை நிறுத்துங்கள். மின்சாரம் தெரிந்தவர் வந்து பார்க்கும்வரை யாரும் மைக்கைத் தொடக் கூடாது.

மேடையில் மறந்துபோகிறார்கள்

ஒரே அறையில், ஒரே வரிசையில், உங்கள் முகத்தைப் பார்த்தபடி இரண்டு மாதம் பழகினவர்கள் வேறோர் இடத்தில் மறப்பது இயல்பு. கடைசிக் கிழமை மூன்று இடங்களில் பாட விடுங்கள்: மண்டபம், மரநிழல், வேறு வகுப்பு ஒன்றின் முன்னால். ஒருநாள் பட்டுப்பாவாடையும் பூவும் வேட்டியும் போட்டுப் பழகட்டும். இறுக்கிக் கட்டின தாவணியில் மூச்சு எட்டாது என்பதை மேடையில் கண்டுபிடிக்க வேண்டாம்.

போட்டியன்று காலை 4 மணிக்கு எழும்பி, 7 மணிக்கு மண்டபத்தில் இருந்து, மதியம் 2 மணிக்கு மேடையேறுவது நடக்கும். அந்த ஏழு மணித்தியாலமும் பாட விடாதீர்கள். ஒருமுறை, மெதுவாக, அரைக்குரலில், கூப்பிட 20 நிமிடம் முன்பு. போதும்.

பிள்ளை வரவில்லை

ட்யூஷன். வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சாதாரண தரப் பரீட்சை எடுக்கும் பிள்ளைக்கு வெள்ளி பின்னேரமும் சனி முழுக்கவும் வகுப்பு. அம்மாவுக்குக் கடிதம் அனுப்பாமல் நேரே போய்க் கதையுங்கள்: எந்த நாள், எத்தனை மணி வரை, எப்போது முடியும் என்று திகதியோடு சொன்னால் அநேகர் விடுவார்கள். "கொஞ்சநாள்தான்" என்றால் விடமாட்டார்கள். எதற்கும் விதி அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் ஒன்றிரண்டு பேரை மேலதிகமாகப் பழக்கி வையுங்கள்.

நன்றாகப் பாடியும் இடம் வரவில்லை

முதலில் அந்த ஆண்டின் சுற்றுநிருபத்தை எடுங்கள். போன ஆண்டினது வேண்டாம். நேரம், ஆட்களின் தொகை, தரப்பிரிவு, எந்த வாத்தியம் ஏற்கப்படும் என்பதை அதில் உள்ளபடி வாசித்து, உங்கள் பதிவோடு ஒப்பிடுங்கள். வகுப்பறையில் நேரத்துக்குள் முடிந்த பாட்டு, மேடையில் சுருதி சேர்க்கும் நேரத்தோடு கூடிப்போகும். மேடைக் கதவில் கால் வைத்ததிலிருந்து கடைசி நமஸ்காரம் வரை அளவுங்கள்.

விதியில் பிழை இல்லை என்றால், முடிவு அறிவித்த பிறகு, சத்தம் அடங்கின பிறகு, நடுவரிடம் போய் இடத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல், "அடுத்த முறைக்கு எதைத் திருத்த வேணும்?" என்று மட்டும் கேளுங்கள். சொல்லுவார். அங்கேயே நின்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். வானில் ஏறினால் பிள்ளைகளின் சத்தத்தில் பாதி மறந்துபோகும்.